மொடிஃபை செய்த 121, அணையாத செக் எஞ்சின் லைட், ஒரு மலிவு ஸ்கேனர்

என்னிடம் இருப்பது டொயோட்டா கொரோலா 121, 1என்இசட் எஞ்சின். முன்பு வைத்திருந்தவர் ஆசை ஆசையாக வேலை பார்த்திருந்தார்: கூம்பு வடிவ ஓப்பன் ஃபில்டர், புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கன்வேட்டரைக் கழற்றிவிட்டுப் போட்ட ஹெடர் புகைக் குழாய், எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவரின் காற்றுக் குழாயில் செருகிய ஒரு குட்டி ஃபில்டர். பொனட்டைத் திறந்தால் அழகுதான். கூடவே செக் எஞ்சின் லைட்டும் வந்து சேர்ந்தது. அதற்காக வாங்கிய, வண்டியின் கோளாறுக் கோட்களை ஃபோனில் காட்டும் ஈஎல்எம்327 புளூடூத் ஸ்கேனரை இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பாவிக்கிறேன்.

ஹட்டனில் ஒரு கராஜில் பார்த்தபோது கோட் பி0171. கலவையில் காற்று கூடி பெற்றோல் குறைகிறது என்று அர்த்தம். கராஜ் பாஸ் கோடை அழித்தார், லைட் போனது. மறுநாள் கினிகத்தேனை ஏற்றத்தில் திரும்ப எரிந்தது. இந்த வகைக் கோட் என்றால், அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் அதே கோளாறைக் கண்ட பிறகுதான் எஞ்சினை ஆளும் கணினியான ஈசீயூ லைட்டைப் போடும். அதனால் அழித்த உடனே எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். “மலைக் காத்து மெலிசு அண்ணே, இந்தப் பக்கம் ஓடுற வண்டிக்கு இது வரத்தான் செய்யும்” என்றார்.

இந்தப் பேச்சை மலைநாட்டில் பல கராஜ்களில் கேட்டுவிட்டேன். காற்று மெலிசு என்பது உண்மை. நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீட்டர் உயரம்; கொழும்போடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் கணக்குத் தலைகீழ். காபுரேட்டர் வண்டி மேலே ஏறினால் காற்றுத்தான் குறையும், பெற்றோல் கூடிப்போகும். 121-இல் இருப்பதோ மாஸ் எயார் ஃப்ளோ சென்சர். அது காற்றின் எடையை அளக்கிறது, மெலிசான காற்றை மெலிசு என்றே சொல்லிவிடும். மிச்சத்தைப் புகைக் குழாயிலுள்ள ஒக்சிஜன் சென்சரைப் பார்த்து ஈசீயூ திருத்திக்கொள்ளும். ஆக, மலைக்கும் பி0171-க்கும் சம்பந்தமில்லை.

கோட் படிக்க மட்டும் என்றால் இந்தக் கருவி வாங்கவே தேவையில்லை, அதைக் கராஜிலேயே பார்த்துச் சொல்வார்கள். எனக்கு உதவியது வண்டி ஓடும்போதே ஃபோனில் தெரியும் ஃபியூவல் டிரிம். ஈசீயூ எவ்வளவு பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிறது என்பதைச் சதவீதத்தில் காட்டும். கூட்டலோ கழித்தலோ 10-க்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. என்னுடையது ஐட்லிங்கில் கூட்டல் 20-ஐத் தாண்டி நின்றது. வண்டி நின்றபடியே 2,500 ஆர்பிஎம்முக்கு உயர்த்தினால் மளமளவென்று இறங்கியது. பெற்றோல் பம்ப் பலவீனமாக இருந்தால் ஏற்றத்தில், சுமையில்தான் இந்த எண் கூட வேண்டும். ஐட்லிங்கில் கூடி, ரேஸ் கொடுத்தால் குறைகிறதென்றால், சென்சருக்குத் தெரியாமல் எங்கோ காற்று உள்ளே போகிறது.

பார்வை நேராக அந்தக் குட்டி ஃபில்டருக்குப் போனது. கம்பெனி அமைப்பில் வால்வ் கவரின் காற்றுக் குழாய், சென்சரைத் தாண்டிய இன்டேக் பைப்பில் சேரும். எஞ்சினுக்குள் போகும் காற்றெல்லாம் ஏற்கெனவே அளந்த காற்று. அதைக் கழற்றி ஃபில்டர் செருகிவிட்டு, மறுபக்கம் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இழுத்துவிடும் பிசிவி வால்வை மட்டும் இன்டேக் மனிஃபோல்டில் அப்படியே விட்டிருந்தார்கள். ஐட்லிங்கில் மனிஃபோல்டின் உறிஞ்சல் அதிகம். ஃபில்டர் வழியாக வெளிக்காற்று புகுந்து, எஞ்சின் வயிற்றைச் சுற்றி, பிசிவி வழியாக உள்ளே போய்விடும், அளவில் வராமலே. எஞ்சினை ஓடவிட்டு ஃபில்டரை உள்ளங்கையால் பொத்தினேன். ஃபோனில் டிரிம் கண்ணெதிரே இறங்கியது. கையை எடுத்தால் மறுபடி ஏறியது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கொழும்பு போனபோது உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய எயார் கிளீனர் பெட்டியும் ஒரிஜினல் ஹோஸும் தேடி எடுத்து, ஓப்பன் ஃபில்டரையும் சேர்த்துக் கழற்றிவிட்டேன். சத்தம் குறைந்ததில் தம்பிக்கு வருத்தம். லோரிக்குப் பின்னால் ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது பொனட்டுக்குள்ளிருக்கும் சூட்டுக் காற்றைத்தான் அந்த ஃபில்டர் இழுத்துக்கொண்டிருந்தது. இன்டேக் வெப்பநிலையையும் இதே ஸ்கேனரில் பார்த்த பிறகு எனக்கு அதன் மேல் ஆசை விட்டுப்போனது. பி0171 அதன் பிறகு வரவில்லை.

இனி கருவியைப் பற்றி. 121 மாதிரி பழைய வண்டி ஸ்கேனரோடு பேசுவது கே-லைன் என்ற பழைய தொடர்பு முறையில். சில மலிவு நகல்கள் அதோடு ஒட்டவே ஒட்டாது. மேலே அச்சடித்திருக்கும் பதிப்பு எண்ணை நம்பாமல், கடைக்காரர் முன்னாலேயே வண்டியில் செருகிப் பாருங்கள். எண்கள் மெதுவாகத்தான் மாறும்; கே-லைனே மெதுவானது, அதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. சாதாரண புளூடூத் வகை ஐஃபோனில் வேலை செய்யாது. ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சொக்கெட்டில் சாவி எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும், வண்டியை நாள்கணக்கில் நிறுத்தும்போது கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பழைய பட்டரி காலையில் காலை வாரும். கோடை அழிக்கும் பட்டனைக் கடைசியாகத் தொடுங்கள்: கோளாறு நேரத்து ஆர்பிஎம், சூடு எல்லாம் பதிந்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் அதோடு அழிந்துவிடும். லைட் விட்டுவிட்டு மின்னினால் அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியவில்லை; ஸ்கேனரைத் தேடாமல் முதலில் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

மிச்சம் இருப்பது பி0420, கன்வேட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் கோட். கன்வேட்டர் இல்லாத வண்டியில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கன்வேட்டருக்குப் பின்னால் வரும் ஒக்சிஜன் சென்சரைப் புகையிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கும் ஸ்பேசர் துண்டு போட்டு லைட்டை ஏமாற்றலாம் என்று பலரும் சொன்னார்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் குழாயிலிருந்து வரும் வாயுவை அளப்பார்கள், அங்கே ஸ்பேசர் என்ன செய்யும்? அடுத்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் கன்வேட்டரோடு பழைய எக்ஸோஸ்ட் மனிஃபோல்டைப் போடப் போகிறேன். நல்ல நிலையில் ஒன்று கிடைப்பதுதான் பாடு.