ஜூலை 14-இல் இடம் போதாத காலண்டர்

போன வருஷம் ஜனவரியில் ஒரு புத்தகக் கண்காட்சியில் இந்தக் காலண்டரை வாங்கினேன். புத்தகக் கடையில் இல்லை. கடைசி வரிசையில் பேனா ஸ்டாண்டும் சாவிக்கொத்தும் விற்கிற கடையில். விலை 220 ரூபாய். நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் இல்லை இது. மேசையில் நிற்கவைத்துப் புரட்டுகிற, சுருள்கம்பி போட்ட காலண்டர். கிழமை கிடையாது, தேதி மட்டும்தான், அதனால் எந்த வருஷத்துக்கும் ஆகும். அந்தந்தத் தேதியில் மறைந்த நடிகர், பாடகர், இசையமைப்பாளர் பெயர் போட்டிருப்பார்கள். பக்கத்துக்கு இரண்டு பேர் படத்தோடு. மூன்றாவதாக ஒருவர் இருந்தால் அடியில் ஒற்றை வரி.

அட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். "கலைஞர்கள் நினைவு நாள்" என்பதுதான் தலைப்பு. வடிவமைத்தவர் "கலைஞர்" என்று பெரிதாக ஒரு வரியில் போட்டு, "கள் நினைவு நாள்" என்று அடுத்த வரியில் இறக்கிவிட்டார். கடை மேசையில் வைத்த முதல் வாரத்திலேயே கட்சிக் காலண்டரா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர், கள்ளுக்கெல்லாம் நினைவு நாளா அண்ணாச்சி என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமல் போனார்.

வீட்டில்தான் வைக்க நினைத்தேன். என் மனைவி இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தாள். "ராகு காலம் இல்ல, எமகண்டம் இல்ல, சந்திராஷ்டமம் இல்ல. காலைல எந்திரிச்சதும் யாரு செத்தாங்கன்னு பாக்கவாங்க 220 ரூபா?" அன்றைக்கே அது கடைக்கு வந்துவிட்டது.

கடை பாளையங்கோட்டையில். இப்போது ஜெராக்ஸ், லேமினேஷன், ரீசார்ஜ். 2003 வரை கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை. நோட்டுத் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள், அறுபது நிமிஷக் கேசட்டா தொண்ணூறா என்று கேட்டுப் பதிந்து கொடுப்பேன். அந்தப் பழக்கம் போகவில்லை. காலண்டரில் யார் பெயர் இருக்கிறதோ, அன்று முழுக்க அவர் பாட்டுத்தான் கடையில் ஓடும். எனவே நான் எழுதுவது அழகுக்கு வாங்கி வைத்தவனுடைய விமர்சனம் இல்லை. 366 பக்கத்தையும் வேலைக்குப் பயன்படுத்தியவன் சொல்கிறேன்.

ஒரே ஒரு பெயர் இருக்கிற பக்கத்துக்கு இந்தக் காலண்டர் தேவையில்லை. செப்டம்பர் 25 எஸ்.பி.பி., அக்டோபர் 17 கண்ணதாசன் என்பது பத்திரிகையைத் திறந்தாலே தெரிந்துவிடும். இரண்டு மூன்று பெயர் ஒரே பக்கத்தில் வந்து உட்கார்கிற நாட்களுக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று பிற்பாடு புரிந்தது. ஜூலை 21-இல் சிவாஜி கணேசன், 2001. அதே பக்கத்தில் கங்குபாய் ஹங்கல், 2009. ஹூப்ளியில் வாழ்ந்த, கிரானா கரானா என்ற இந்துஸ்தானி இசை மரபைச் சேர்ந்த பாடகி. காலையெல்லாம் சிவாஜி படப் பாட்டைப் போட்டுவிட்டு, மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் கங்குபாயைப் போட்டேன். ஆதார் கார்டு நகல் எடுக்க வந்த பெரியவர் நகலை வாங்கிய பிறகும் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம், "யாருய்யா பாடுறது, நல்ல கனத்த குரலு" என்றார். பெண் என்றேன். நம்பவில்லை. காலண்டரைத் திருப்பிப் படத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார். படம் போடுவதில் இப்படி ஒரு நன்மை இருக்கிறது.

ஆகஸ்ட் 16 பக்கத்தில் எல்விஸ் பிரெஸ்லி (1977), அரீத்தா ஃபிராங்க்ளின் (2018), அடியில் ராபர்ட் ஜான்சன் (1938). மூவரும் அமெரிக்கப் பாடகர்கள். ராக் இசையின் ராஜாவும் சோல் இசையின் ராணியும் ஒரே தேதியில். எங்கள் தெருவில் அதற்கு வரவேற்பு இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர் வந்து, "அண்ணாச்சி, ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

இனிக் குறைகள். முதல் குறை ஜூன் 24. அந்தப் பக்கத்தில் கண்ணதாசனும் எம்.எஸ்.விஸ்வநாதனும் இருக்கிறார்கள், மேலே "நினைவு நாள்" என்று அச்சடித்திருக்கிறது. அது இருவருடைய பிறந்த நாள். கவிஞர் 1927, விஸ்வநாதன் 1928. திரைப்பாட்டு கேட்கிறவர்களுக்குக் கைவிரல் கணக்குப்போலத் தெரிந்த விஷயம். அதே காலண்டர் ஜூலை 14-இல் விஸ்வநாதனையும், அக்டோபர் 17-இல் கண்ணதாசனையும் மறுபடியும் போடுகிறது. ஒரே வருஷத்தில் இரண்டு பேரையும் இரண்டு தடவை சாகடித்திருக்கிறார்கள்.

டிசம்பர் 11-இல் எம்.எஸ்.சுப்புலட்சுமி, 2004. சித்தார் ரவிசங்கரும் அந்தத் தேதிதான், 2012. ஆனால் காலண்டர் அவரை 12-இல் வைத்திருக்கிறது. அச்சுப்பிழை என்று நினைத்தேன், இல்லை. அவர் இறந்தது கலிஃபோர்னியாவில், மாலையில். அந்த நேரத்துக்கு இங்கே 12 விடிந்துவிட்டது. சரி, நம் ஊர்க் கடிகாரப்படி போடுவது அவர்கள் முறை என்றால் எல்லோருக்கும் அப்படியே போட வேண்டும். மைக்கேல் ஜாக்சனும் அதே கலிஃபோர்னியாதான், 2009 ஜூன் 25 பிற்பகல். நமக்கு 26 பிறந்து அதிகாலை. அவரை மட்டும் 25-லேயே விட்டிருக்கிறார்கள். என் கணக்கில், உயிர் போன ஊரின் தேதிதான் தேதி. போதாததற்கு டிசம்பர் 12 ரஜினி பிறந்த நாள். அன்றைக்கு எங்கள் தெருவில் சித்தாருக்கு இடமேது? 11-ஆம் தேதி பக்கத்தில் எம்.எஸ். படத்துக்குப் பக்கத்தில் அவரை வைத்திருந்தால், 1998-இல் பாரத ரத்னா வாங்கியவரும் 1999-இல் வாங்கியவரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கும் அன்றைய வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

டிசம்பர் 24-ஐ நன்றாகச் செய்திருக்கிறார்கள். மேலே எம்.ஜி.ஆர்., 1987, கீழே பி.பானுமதி, 2005. பானுமதி படம் தபால்தலை அளவுதான், என்றாலும் இருக்கிறது. "மலைக்கள்ளன்", "அலிபாபாவும் 40 திருடர்களும்", "மதுரை வீரன்" என்று ஜோடியாக நடித்தவர்கள். எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய "நாடோடி மன்ன"னில் பாதியில் பானுமதி விலகிவிட்டார். கதையில் அவருடைய பாத்திரத்தை முடித்துவிட்டு, மீதிப் படத்துக்கு ஒரு புதுப் பெண்ணை நாயகியாக்கினார் எம்.ஜி.ஆர். பாதிப் படத்தில் பிரிந்த இருவர் 18 வருஷ இடைவெளியில் ஒரே தேதிக்கு வந்து சேர்ந்திருப்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் கவனித்தேன். அந்தப் புதுப் பெண் பி.சரோஜாதேவி. அவரிடம்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

2025 ஜூலை 14, திங்கட்கிழமை. பக்கத்தில் இரண்டே படங்கள். விஸ்வநாதன், 2015. பக்கத்தில் இந்தி இசையமைப்பாளர் மதன் மோகன், 1975. காலையில் விஸ்வநாதன் ஃபோல்டரைப் போட்டுவிட்டு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். டீ கொண்டுவந்த பையன், "அண்ணாச்சி, சரோஜாதேவி இறந்துட்டாங்களாம், டிவியில ஓடுது" என்றான். பெங்களூரில், மல்லேஸ்வரம் வீட்டில், 87 வயதில். சரி, அவருடைய பாட்டாகப் போடலாம் என்று பென்டிரைவில் தேடப் போனால், ஃபோல்டரை மாற்ற வேண்டிய வேலையே வரவில்லை. "பாலும் பழமும்", "ஆலயமணி", "படகோட்டி", "புதிய பறவை", "எங்க வீட்டுப் பிள்ளை", "அன்பே வா" எல்லாம் அதே ஃபோல்டரில்தான் இருக்கின்றன. அவருக்கு உருவம் மட்டும் சொந்தம், குரல் சுசீலாவுடையது, மெட்டு விஸ்வநாதனுடையது. சாயங்காலம் வரை பாட்டு தானாக ஓடியது.

காலண்டரில் அவர் பெயரை எழுதிவைக்கலாம் என்று பால்பாயிண்ட் பேனாவை எடுத்தேன். இங்கேதான் தாளின் லட்சணம் தெரிந்தது. வழவழப்பான ஆர்ட் பேப்பர். "ச" கொஞ்சம் விழுந்தது, "ரோ" விழவில்லை. அழுத்தினால் பள்ளம் விழுகிறதே தவிர மை இறங்கவில்லை. ஜெல் பேனாவில் எழுதினேன், விழுந்தது. ஆனால் கை பட்டதும் "தேவி" மட்டும் என் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. அன்று ரீசார்ஜுக்கு வாங்கிய ரூபாய் நோட்டிலெல்லாம் நீலக் கறை. நினைவு நாள் காலண்டர் என்றால் வருஷா வருஷம் பெயர் சேரத்தான் செய்யும். எழுத ஓர் இடமும், எழுதினால் நிற்கிற தாளும் வேண்டும் என்று அச்சடிக்கிறவர்களுக்குத் தோன்ற வேண்டாமா?

மதன் மோகன் பெயரை நான் அறிந்தது கேசட் காலத்தில். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வாராவாரம் வருவார், இந்திப் பாட்டுப் பைத்தியம். யாருக்கோ "யார் நீ?" பாட்டுகளைப் பதிந்துகொண்டிருந்தேன். ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த 1966 படம். சுசீலாவின் "நானே வருவேன்" ஓடியபோது அவர் பெஞ்சில் இருந்து எழுந்து வந்து, "தம்பி, இது மதன் மோகன் மெட்டுடா" என்றார். இசை வேதா என்றுதானே போட்டிருக்கிறது என்றேன். அடுத்த வாரம் "யார் நீ?"யின் இந்தி மூலமான "வோ கௌன் தி" கேசட்டோடு வந்தார். "நைனா பர்ஸே"யை லதா பாடுகிறார். இரவில் யாரோ தெருமுனையில் நின்று கூப்பிடுகிற மாதிரி அதே இழுப்பு, அதே நடுக்கம். "லக் ஜா கலே"தான் "பொன்மேனி தழுவாமல்" என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. மதன் மோகனை யாரென்று கேட்டால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பாட்டைப் போட்டால் ஐம்பது தாண்டிய அத்தனை பேரும் முணுமுணுப்பார்கள். அவர் போனது 51 வயதில். பயன்படுத்தாமல் விட்டுப்போன மெட்டுகளை எடுத்து 2004-இல் "வீர் ஜாரா" முழுப் படத்துக்கும் இசையாக்கினார்கள்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த வருஷம் திருத்திய புதுப் பதிப்பு வந்திருக்கிறது. 280 ரூபாய். பிழைகளைச் சரிசெய்திருப்பார்கள் என்று வாங்கினேன். ஜூன் 24 பிழை அப்படியே இருக்கிறது. ரவிசங்கர் இன்னும் 12-இல்தான். அட்டையில் மட்டும் "கள்" மேல் வரிக்கு ஏறியிருக்கிறது. ஜூலை 14-இல் சரோஜாதேவி வந்துவிட்டார், அழகான படம். மதன் மோகனைக் காணோம். அடியில் மூன்றாவது பெயருக்கு இருந்த அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு எல்லாப் பக்கத்திலும் பொன்மொழி போட்டிருக்கிறார்கள். ஜூலை 14-க்குக் கிடைத்தது நேரத்தை வீணாக்காதே என்று ஒரு புத்திமதி.

சந்தேகம் வந்து ஏப்ரல் 17-ஐப் புரட்டினேன். பழையதில் விவேக் (2021), டி.கே.ராமமூர்த்தி (2013) படங்களும், அடியில் நடிகை சௌந்தர்யா (2004) பெயரும் இருந்தன. புதியதில் விவேக்கும் சௌந்தர்யாவும். ராமமூர்த்தி இல்லை. மேலே நான் சொன்ன படங்களில் "அன்பே வா" தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இசை என்று போட்ட பெயர் விஸ்வநாதன் - ராமமூர்த்திதான், 1965-இல்தான் பிரிந்தார்கள். ஜூலையில் பாதிப் பெயர், ஏப்ரலில் மீதிப் பெயர் என்று இருந்ததில் மீதியை எடுத்துவிட்டார்கள்.

பின்னட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சார், பக்கத்துக்கு ரெண்டு பேருக்குத்தான் சார் இடம். ஜனங்களுக்குத் தெரிஞ்ச முகமா வைக்கச் சொல்லிட்டாங்க." முகம் என்று வந்துவிட்டால் இசையமைப்பாளர்கள்தான் முதலில் காலியாவார்கள். எத்தனை பேருக்கு ராமமூர்த்தியின் முகம் தெரியும்? பாட்டைக் கேட்கத் தெரிந்தவனுக்கு முகம் எதற்கு என்று கேட்க வாய் வந்தது. அந்தத் தம்பியிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது, வைத்துவிட்டேன்.

வாங்கலாமா என்றால், பழைய பதிப்பு எங்கேயாவது கிடைத்தால் வாங்குங்கள், 220-க்குத் தகும். சுருள்கம்பி ஒன்றரை வருஷம் தினமும் புரட்டியும் வளையவில்லை, மேசையில் நழுவாமல் நிற்கிறது, எழுத்தும் கண்ணாடி போடாமல் படிக்கிற அளவு. புதுப் பதிப்பு வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பால்பாயிண்ட், ஜெல் எதையும் முயற்சி செய்யாதீர்கள். சி.டி. மேல் பெயர் எழுதுகிற மார்க்கர் ஒன்று கேசட் கடை மூடிய காலத்திலிருந்து என் மேசை டிராயரில் கிடந்தது. எழுதுமா என்று பார்த்தேன், எழுதியது. தேய்த்தாலும் போகவில்லை. நேரத்தை வீணாக்காதே என்பதன் மேலேயே "மதன் மோகன், 1975" என்று எழுதிவிட்டு, ஏப்ரல் 17-க்குப் போனேன்.