மரத்தளத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா? என் கொட்டேஷனை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்

வீட்டுக்குப் பின்னால் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு மரத்தளம். மூன்று பக்கமும் கைப்பிடி. அதை ஒட்டி 22 மீட்டர் நீளத்துக்கு ஆள் உயர மரவேலி. ஏழு வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்ததில் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. பெயின்ட் அடித்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று நினைத்து இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். அந்த இரண்டு தாள்களையும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

யார் எவர் என்று பெயர் சொல்லப் போவதில்லை. தொகையையும் சொல்லவில்லை, அது இடத்துக்கு இடம் மாறும். முதல் ஆள் கேட்டதை 100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் கேட்டது 170.

முதல் தாளில் மூன்றே வரி. தளமும் வேலியும் சுத்தம் செய்து இரண்டு கோட் பெயின்ட். 3 நாள் வேலை. 10 வருட வாரன்ட்டி. இரண்டாமவரின் தாள் இரண்டு பக்கம் ஓடியது. மொத்தம் 11 நாள் போட்டிருந்தார். அதில் 4 நாளுக்கு எதிரே ‘காய விடுதல்’ என்று மட்டும் இருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மரம் சும்மா கிடந்து காய்வதற்கு 11 நாள் வீட்டை அலங்கோலமாக வைத்திருக்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டு, பாதிப் பணத்தை அட்வான்ஸாக முதல் ஆளிடம் கொடுத்தேன்.

முதல் நாள் காலையில் பிரஷர் வாஷரோடு வந்தார்கள். நல்ல அழுத்தத்தில் அடித்தார்கள். பாசியும் அழுக்கும் கறுப்பாக ஓடியதைப் பார்க்கத் திருப்தியாகவே இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் பலகை முழுக்க நார் எழும்பிப் பஞ்சு மாதிரி நின்றது. கேட்டேன். “பெயின்ட் போட்டா எல்லாம் படிஞ்சிடும் சார்” என்றார். உப்புத்தாள் என்ற ஒன்று அன்று வெளியே வரவேயில்லை. பலகையின் மேல்பக்கம் வெயிலில் உலர்ந்ததும், அதே நாள் சாயங்காலம், முதல் கோட் தொடங்கிவிட்டது.

இரண்டாம் நாள் ஒரு தகராறு. வேலியின் ஒரு பக்கத்தை மட்டும் அடித்துவிட்டு ரோலரைக் கழுவ ஆரம்பித்தார்கள். அவர்கள் விலை போட்டது ஒரு பக்கத்துக்குத்தானாம். ‘வேலி’ என்று எழுதினால் இரண்டு பக்கமும் சேர்ந்தது என்று நானாக நினைத்துக்கொண்டது என் தப்பு. பாதி வேலியோடு நிற்க முடியாதே என்று இன்னும் 20 சேர்த்துக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். ஆக 120.

மூன்றாம் நாள் மாலை வேலை முடிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அன்று பார்க்க அருமையாக இருந்தது. மீதிப் பணத்தைக் கொடுத்தேன். வாளியின் அடியில் கொஞ்சம் பெயின்ட் மிச்சம் இருந்தது. “வெச்சுக்கோங்க சார், டச்சப்புக்கு ஆகும்” என்று கொடுத்துவிட்டுப் போனார். அந்த மிச்சத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர்கள் கொண்டுவந்தது 20 லிட்டர் வாளி ஒன்று, 4 லிட்டர் டப்பா ஒன்று, அவ்வளவுதான். வேலி 22 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம். ஒரு பக்கம் ஏறக்குறைய 40 சதுர மீட்டர், இரு பக்கமும் 80, இரண்டு கோட் என்றால் 160. இழைப்பு போட்ட வழவழப்பான மரத்தில் ஒரு லிட்டர் பெயின்ட் சுமார் 10 சதுர மீட்டர் ஓடும். அறுத்தபடியே விட்ட சொரசொரப்பான வேலிப் பலகையில் அதில் பாதியோ, கொஞ்சம் கூடவோதான். 6 என்றே வைத்துக்கொண்டாலும் வேலிக்கு மட்டும் 27 லிட்டர் ஆகும். தளத்துக்கு 4, கைப்பிடிக்கு ஒரு 3. மொத்தம் 34 லிட்டர் குடிக்க வேண்டிய மரம், 24-ஐக் குடித்துவிட்டு மிச்சமும் வைத்திருக்கிறது. ஒன்று தண்ணீர் கலந்திருக்க வேண்டும், இல்லை இரண்டாவது கோட் பாதி இடத்தில் விழவே இல்லை. ஐந்து நிமிடக் கணக்கு இது. நான் போட்டது எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து.

ஆறாவது வாரம் நல்ல மழை. அடுத்த நாள் தளத்தில் கதவுக்கும் படிக்கும் இடையே நடக்கும் தடத்தில் கொப்புளங்கள். ஒன்றைக் காலால் தேய்த்தேன், தோல் மாதிரி உரிந்து வந்தது. பத்தாவது வாரம் அந்தத் தடம் முழுக்கச் செதில் செதிலாகக் கிளம்பி, வீட்டுக்குள்ளும் காலோடு ஒட்டி வர ஆரம்பித்தது. வேலியில் பலகைகளின் வெட்டுமுனைகளிலிருந்து உரிய ஆரம்பித்தது. ஆணித் தலைகளிலிருந்து துருக்கோடுகள் இறங்கின.

போன் செய்தேன். “மரம் சரியில்ல சார், நாங்க என்ன பண்ண முடியும்?” வாரன்ட்டி என்றேன். அது பெயின்ட் கம்பெனி கொடுக்கிறது, அவர்களைக் கேளுங்கள் என்றார். டப்பாவோடு வந்த விவரத்தாளைத் தேடி எடுத்து வாசித்தேன். பொடி எழுத்தில் தெளிவாகவே போட்டிருந்தது: நடமாடும் தளங்களுக்கும் தண்ணீர் தேங்கும் கிடைமட்டப் பரப்புகளுக்கும் இந்த வாரன்ட்டி கிடையாது. சுவருக்கும் மரத்துக்கும் பொதுவான வெளிப்புறப் பெயின்ட் அது. வேலிக்கு அதில் தப்பில்லை. தளத்துக்கு அதை அடித்ததும், 10 வருடம் என்று எழுதிக் கொடுத்ததும் தெரியாமல் நடந்ததா, தெரிந்தே நடந்ததா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த இரண்டு அழைப்புகளுக்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

வெட்கத்தை விட்டு, 170 கேட்ட இரண்டாமவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு செதிலை எடுத்துத் திருப்பிக் காட்டினார். முன்பக்கம் பெயின்ட், பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மெல்லிய நார். “பெயின்ட் பிடிக்காம விடலை சார். அது பிடிச்ச நாரே மரத்தை விட்டு வந்திருக்கு.” மரத்தில் நார்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது லிக்னின் என்ற பொருள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கும், மழை கழுவிக்கொண்டு போகும், மேலே மிஞ்சுவது பிடிமானம் இல்லாத செத்த நார். புது மரமே சில வாரம் திறந்த வெயிலில் கிடந்தால் பெயின்ட் பிடிப்பது குறையத் தொடங்கும் என்றார். என்னுடையது ஏழு வருடம் கிடந்தது. அந்தச் சாம்பல் அடுக்கைத் தேய்த்து எடுக்காமல் மேலே எதைப் பூசினாலும் தூசு மேல் டேப் ஒட்டின கதைதான்.

அடுத்து ஈரப்பத மீட்டரின் இரண்டு ஊசிகளைப் பலகையில் குத்தினார். மழை நின்று ஐந்து நாள் ஆகியும் 24 சதவீதம் காட்டியது. பூசுவதற்கு முன் 15-க்குள் வர வேண்டும். 20-க்கு மேலேயே நின்றுகொண்டிருந்தால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பலகையின் அடிப்பக்கமும் வெட்டுமுனையும் பூசாமல் கிடக்கின்றன. தண்ணீர் அங்கே ஏறுகிறது, அதிலும் வெட்டுமுனை உறிஞ்சுவது பக்கவாட்டைவிடப் பல மடங்கு. வெயில் பட்டதும் அந்த ஈரம் மேலே வெளியேறப் பார்க்கிறது. அங்கே பெயின்ட் பிளாஸ்டிக் தாள் மாதிரி மூடிக்கொண்டிருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அதுதான் கொப்புளம். போதாததற்கு முதல் ஆள், கழுவின அன்றே ஈரத்தை உள்ளே வைத்து மூடியிருக்கிறார்.

அப்போதுதான் அந்த ‘காய விடுதல்’ 4 நாளின் அர்த்தம் புரிந்தது. 70 வித்தியாசத்தில் பெயின்ட்டின் பங்கு கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நாட்கள், கை உழைப்பு. கைப்பிடியில் உள்ள குச்சிகளை மட்டும் அவர் தனியாக எண்ணி எழுதியிருந்தார், 84. ஒவ்வொன்றுக்கும் நாலு முகம், ரோலர் நுழையாது. பரப்பளவாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் தளத்தைவிட அதற்குத்தான் அதிக நேரம் போனது. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்கிறவர் அந்த 84 குச்சியை எங்கே கழிப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அவர் கேட்டது 170 இல்லை, 250. நியாயம்தான். அடித்த பெயின்ட்டை எடுப்பது, அடிப்பதைவிடப் பெரிய வேலை. உரிப்பான் தடவி, சுரண்டி, முதலில் 60 நம்பர் உப்புத்தாள், பிறகு 80. வேலையைத் தொடங்கும் முன் மரத்தின் வயதைக் கேட்டார். ஏன் என்றேன். குரோமியம், தாமிரம், ஆர்சனிக் மூன்றும் கலந்த கரைசலை ஏற்றிப் பதப்படுத்திய பழைய மரமாக இருந்தால் அந்தத் தூசியை முகர்வது ஆபத்து, அமெரிக்காவில் 2003 கடைசியோடு வீட்டு உபயோகத்துக்கு அது நின்றது என்றார். பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்தாலும் இதே கதைதான். முதல் ஆள் இப்படி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தேய்க்கவே போவதில்லை என்றால் எதற்குக் கேட்க வேண்டும்?

தேய்த்த பின் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தண்ணீரால் கழுவினார். சாம்பல் திட்டும் ஆணியடிக் கறையும் போய் மரம் தேன் நிறத்துக்கு வந்தது. அப்புறம் நாலு நாள் யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் மீட்டரில் 14. தளத்தின் மேல் சில துளி தண்ணீர் தெளித்துக் காட்டினார், முத்தாக நிற்காமல் உடனே உள்ளே இழுத்துக்கொண்டது. பூச்சையும் அப்படியே இழுத்துக்கொள்ள மரம் தயார் என்று அர்த்தம். இது உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம், செலவே இல்லை.

தளத்துக்குப் பெயின்ட் வேண்டவே வேண்டாம் என்றார். மரத்துக்குள் ஊறும், நிறம் கலந்த எண்ணெய் ஸ்டெயின்தான் போட்டார். நிறமே இல்லாத தெளிந்த எண்ணெய் வெயிலைத் தடுக்காது, சீக்கிரம் போய்விடும் என்பதால் நிறம் கலந்தது. ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். கேட்பதற்கு அடிக்கடி செலவு மாதிரித் தெரியும். ஆனால் அது உரியாது, மெல்லத் தேயும், கழுவிக் காயவைத்து மேலேயே பூசிவிடலாம். பெயின்ட் அடித்த தளம் உரிய ஆரம்பித்தால் சுரண்டாமல் வேறு வழியில்லை, சுரண்டும் செலவு என்ன என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். வேலி நின்றுகொண்டிருக்கும் பரப்பு, தண்ணீர் வழிந்துவிடும், யாரும் மிதிப்பதில்லை. அதற்குப் பிரைமரும் இரண்டு கோட் பெயின்ட்டும் சரியாகவே நிற்கின்றன. வெட்டுமுனைகளில் மட்டும் மூன்று தடவை.

(எண்ணெய் துடைத்த துணிகளை அவர் சுருட்டிப் போடாமல் ஒவ்வொன்றாகக் கல்லின் மேல் விரித்துக் காயவைத்தார். ஆளி விதை எண்ணெய் மாதிரி உலரும் எண்ணெய்கள் காயும்போது சூடாகும், குவித்துப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். நீங்களே வேலை செய்வதாக இருந்தால் இதை மறக்க வேண்டாம்.)

ஆக என் கணக்கு 370. முதலிலேயே 170 கொடுத்திருந்தால் முடிந்திருக்கும்.

இனி யாரிடமாவது கொட்டேஷன் வாங்கினால் முதலில் நாட்களைத்தான் எண்ணுவேன். கழுவிய நாளுக்கும் பூசும் நாளுக்கும் இடையே எதுவும் இல்லையென்றால் அந்தத் தாளைத் தள்ளிவைத்துவிடுவேன். ‘சுத்தம் செய்து’ என்ற ஒற்றை வார்த்தைக்கு என்ன பொருள், எந்த நம்பர் உப்புத்தாள், எவ்வளவு நேரம் என்று கேட்பேன். வேலி எத்தனை பக்கம், வெட்டுமுனை உண்டா என்று எழுதி வாங்குவேன். லிட்டர் கணக்கை நானே போட்டு, டப்பாக்களை என் எதிரில் திறக்கச் சொல்வேன். பணத்தில் ஒரு பங்கை, தேய்த்துக் காய்ந்து மீட்டரில் நம்பர் பார்த்த பிறகுதான் கொடுப்பேன். மேல் பூச்சு விழுந்துவிட்டால் அடியில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே பெயின்ட் இருக்கும் மரமென்றால், ஒரு ஓரத்தில் பிளேடால் பெருக்கல் குறி கீறி, டேப் ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பார்க்கலாம். பெயின்ட் டேப்போடு வந்தால் அதன் மேல் அடிக்கும் புதுப் பெயின்ட்டும் அதோடு சேர்ந்தே வரும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சுரண்டும்போது வேலியின் ஒரு கம்பத்தில், தரையை ஒட்டி, விரல் உள்ளே போனது. அழுகிப் போயிருந்த இடத்தில் முதல் ஆட்கள் பட்டியை அடைத்து மேலே பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கம்பத்தை மட்டும் இன்னும் மாற்றவில்லை. பதப்படுத்திய புதுக் கம்பம் வந்து பத்து நாளாகத் தாழ்வாரத்தில் சாய்ந்திருக்கிறது. நானும் ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கிவிட்டேன். இன்று காலை குத்திப் பார்த்தேன், 22. காயட்டும்.