ஷண்டிங் செய்பவரின் பார்வையில் கேடி 158 கப்ளர்

எச்.ஓ. அளவு மாதிரி ரயில், 1:87 விகிதத்தில் 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடுவது. அது வட்டமாகச் சுற்றி வருவதைப் பார்த்தாலே போதும் என்பவருக்குப் பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கும் இணைப்பியான கப்ளர் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். பெட்டிகளைக் கழற்றி, வரிசை மாற்றி, மீண்டும் கோக்கும் ஷண்டிங்கில் ஆர்வமுள்ளவருக்கோ அந்தச் சிறு பொருளே எல்லாம். அந்த ஆர்வத்தால்தான் எட்டுச் சரக்குப் பெட்டிகளிலும் ஓர் எஞ்சினிலும் இருந்த பிளாஸ்டிக் கொக்கிகளை அகற்றிவிட்டு, கேடி நிறுவனத்தின் 158 எண் கப்ளர்களைப் பொருத்தினேன். கீத், டேல் என்னும் இரட்டைச் சகோதரர்களின் முதலெழுத்துகளில் பிறந்த இப்பெயர் தமிழ்க் காதுக்கு வேறொன்றாகக் கேட்பதற்கு அவர்கள் பொறுப்பல்லர்.

மடக்கிய விரல்களைப் போல ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இந்த அமைப்பு, 1873இல் அமெரிக்காவில் ஈலை ஜேனி காப்புரிமை பெற்ற கப்ளரின் சிற்றுருவம். பலரும் பயன்படுத்தும், அதே நிறுவனத்தின் 5 எண் கப்ளரின் தலை, உண்மை அளவோடு ஒப்பிட்டால் சற்றுப் பருத்தது. 158இன் தலை அதைவிடச் சிறியது என்பதால் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது பெட்டி உண்மையான பெட்டியாகவே தோன்றுகிறது. தண்டின் இருபுறமும் மீசைபோல் நீளும் மெல்லிய கம்பிகளே வில்லாகச் செயல்பட்டு அதை நடுநிலைக்குக் கொண்டுவருவதால், கப்ளர் பொருந்தும் சிறு கூட்டுக்குள் தனி வில்தகட்டை அடக்கும் வேலையும் இல்லை.

கப்ளரின் உயரத்தைச் சரிபார்க்க அதே நிறுவனத்தின் 205 எண் அளவுகோல் உதவுகிறது. அவசரத்தில் இரண்டு பெட்டிகளை அதில் வைத்துப் பார்க்காமல் விட்டேன். கப்ளருக்குக் கீழே தொங்கும் வளைந்த கம்பி, தடம் பிரியும் இடமான பாயின்டில் உரசிப் பெட்டியைத் தடம்புரளச் செய்தது. பிழை முழுவதும் என்னுடையது.

இந்தக் கப்ளரின் தனித்திறமை காந்தத்தின் மேல்தான் வெளிப்படுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே ஒட்டிய 321 எண் காந்தத்தின் மேல் பெட்டிகளை நிறுத்தி, எஞ்சினை இம்மியளவு பின்னுக்குத் தள்ளி இழுவிசையைத் தளர்த்தினால், இரு கப்ளர்களின் தொங்கும் கம்பிகளும் எதிரெதிர்த் தண்டவாளங்களை நோக்கி ஈர்க்கப்பட, பிடி விடுபடுகிறது. எஞ்சினைச் சற்று விலக்கி மீண்டும் காந்தத்தின் மேல் கொண்டுவந்தால், கப்ளர்கள் முழுதாக ஒதுங்கி, ஒன்றையொன்று பற்றாமல் வெறுமனே முட்டி நிற்கின்றன. அந்நிலையில் பெட்டியைச் சைடிங் என்னும் கிளைத்தடத்தின் எந்த இடத்துக்கும் தள்ளிச்சென்று விட்டுவிட்டு எஞ்சின் தனியே திரும்பலாம். முதன்முறை இது கைபடாமல் நடந்தபோது, அதே பெட்டியை வேண்டுமென்றே நான்கு முறை கொண்டுபோய் விட்டேன்.

ஆயினும் இழுவிசை எங்கு தளர்ந்தாலும் காந்தம் தன் வேலையைச் செய்துவிடும் என்பதால், அதன் மேல் தயங்கி நின்ற ரயில் வேண்டாத இடத்தில் இரண்டாகப் பிரிவதுண்டு. இரும்பு அச்சுள்ள இலேசான பெட்டியோ காந்தத்தை நோக்கித் தானாக நகர்கிறது. எடை குறைந்த பெட்டி கோக்கப்படாமல் உருண்டோடவும் செய்யும். அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி ஓர் அவுன்சுடன் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ் சேர்த்து, ஆறங்குலப் பெட்டியை நான்கு அவுன்சுக்கு, அதாவது சுமார் 113 கிராமுக்கு, கொண்டுவந்த பிறகே மெல்லிய மோதலில் பிடி விழுந்தது.

ஐந்து, மூன்று, மூன்று பெட்டிகள் கொள்ளும் மூன்று தடங்களில், எட்டில் ஐந்தைக் குறித்த வரிசையில் கோக்கும் இங்கிள்நூக் புதிரில் இவற்றைச் சோதித்தேன். சாத்தியமான வரிசைகள் 6,720 என்பதால் சலிப்புக்கு இடமில்லை. ஆனால் காந்தம் இருக்குமிடத்திலேயே கழற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் விரைவில் உறுத்தியது. உண்மையான யார்டில் பணியாளர் பெட்டியருகே நடந்துசென்று நெம்புகோலைத் தூக்குவார். கூரிய மூங்கில் குச்சியைக் கப்ளர்களுக்கிடையே செருகித் திருப்பும்போது நானும் ஏறக்குறைய அவரிடத்தில் நிற்கிறேன். ஆகவே கை எட்டாத பின்தடத்தின் நேரான பகுதியில் மட்டும் ஒரு காந்தத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பெயர்த்துவிட்டேன்.

158ஐ 5 எண் கப்ளருடனும் கோக்கலாம் என்பதால் பெட்டிகளைப் படிப்படியாக மாற்றலாம். தலை சிறுத்ததால் உயரப் பிசகையும் கூர்மையான வளைவையும் அது குறைவாகவே பொறுத்துக்கொள்கிறது. குறுகிய வளைவுகள் நிறைந்த தளமாயின் 5ஐயோ, அதன் மீசைக்கம்பி வடிவமான 148ஐயோ வாங்குவதே நல்லது.