என்ஜின்எக்ஸ் ஓடெல் மாட்யூல், யேகர்: கேஷ் ப்ராக்ஸிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரைக் கேஷ் ப்ராக்ஸியாக (பேக்கெண்ட் சர்வருக்கு முன்னால் நின்று, அது தந்த பதிலைச் சேமித்துவைத்துத் தருவதாக) ஓட்டுகிற யாரும் அதன் ஓப்பன்டெலிமெட்ரி (சுருக்கமாக ஓடெல், ஒவ்வொரு ரிக்வெஸ்டும் போகும் வழியைப் பதிவு செய்யும் பொது முறை) மாட்யூலைப் போட்டே ஆகவேண்டும், குறைகள் இருந்தாலும் சரி. கிருஷ்ணகிரியிலிருந்து மாங்காய் மண்டி விலை சொல்லும் தளம் ஒன்றை நடத்துகிறோம். போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் விடிந்ததும் பெங்களூரா என்ன விலை, செந்தூரா என்ன விலை என்று பார்ப்பார்கள். அந்த நேரத்தில்தான் பக்கம் திறக்க மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்துகொண்டே இருந்தது, ஆனால் பேக்கெண்ட் ட்ரேஸில் (ரிக்வெஸ்ட் போன வழியின் பதிவில்) ஒன்றுமே தெரியவில்லை. கேஷே பதில் சொல்லிவிட்ட ரிக்வெஸ்ட் பேக்கெண்ட் வரைக்கும் போவதில்லையே, அங்கே எப்படித் தெரியும்?

2023-இல் என்ஜின்எக்ஸ் தரப்பே வெளியிட்ட மாட்யூல் இது, பேக்கேஜாகவே கிடைக்கிறது. ஏற்றிவிட்டு, ட்ரேஸ்களைச் சேர்த்துக் காட்டும் கருவியான யேகர் கேட்டுக்கொண்டிருக்கும் 4317 போர்ட்டைக் காட்டி, ட்ரேசிங்கை ஆன் செய்தால் ஸ்பான்கள் (ட்ரேஸில் ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தைக் காட்டும் துண்டுகள்) வர ஆரம்பித்துவிடும். ஆனால் ட்ரேஸ் கான்டெக்ஸ்ட் என்ற அமைப்பு இயல்பாக 'இக்னோர்' என்றுதான் இருக்கும். அதை 'ப்ராபகேட்' என்று மாற்றினால்தான் ட்ரேஸ் ஐடியைச் சுமக்கும் ட்ரேஸ்பேரன்ட் ஹெடர் பேக்கெண்டுக்குப் போய், இரண்டு பக்க ஸ்பான்களும் ஒரே ட்ரேஸாகச் சேரும், இல்லையென்றால் இது ஒரு துண்டு, அது ஒரு துண்டு. அப்புறம், பதில் கேஷிலிருந்து வந்ததா (ஹிட்) இல்லையா (மிஸ்) என்று சொல்லும் அப்ஸ்ட்ரீம் கேஷ் ஸ்டேட்டஸை ஸ்பானில் ஒரு டேகாகச் சேர்த்துவிடுங்கள். ஒரே வரிதான், ஆனால் மொத்தப் பலனும் அதில்தான் இருக்கிறது.

யேகரில் ஸ்டேட்டஸ் ஹிட் என்று வடிகட்டி, நேரம் அதிகமானதை மேலே வைத்துப் பார்த்தேன். கேஷ் ஹிட் என்றால் ஓரிரு மில்லிசெகண்டில் முடியவேண்டும். இங்கே 500 மில்லிசெகண்டை ஒட்டி வரிசையாகப் பட்டைகள், எல்லாமே ஹிட், எதற்கும் கீழே பேக்கெண்ட் ஸ்பான் இல்லை. அதே நொடியில் ஒரே ஒரு மிஸ், அதற்குக் கீழே மட்டும் பேக்கெண்ட் ஸ்பான். விஷயம் ப்ராக்ஸி கேஷ் லாக். எங்கள் பக்க முகவரியில் தேதி வருவதால் தினமும் காலையில் அந்தப் பக்கம் கேஷுக்குப் புதுசு. இந்த லாக், முதலில் வருகிறவரை மட்டும் பேக்கெண்டுக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களை நிறுத்திவைக்கிறது. பதில் வந்துவிட்டதா என்று அரை நொடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறது, அதனால் பேக்கெண்ட் 200 மில்லிசெகண்டில் முடித்தாலும் காத்திருந்தவருக்கு அரை நொடி போய்விடும். லாகை எடுத்துவிட்டால் கூட்டம் மொத்தமும் பேக்கெண்டில் விழும். அதனால் அன்றைய விலையைத் தளத்தில் ஏற்றியதும் நாங்களே அந்தப் பக்கங்களை ஒருமுறை திறந்து கேஷில் வைத்துவிடுகிறோம். புகார் நின்றுவிட்டது.

குறை என்னவென்றால், ப்ராக்ஸி தரப்பில் ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒரே ஸ்பான். லாகில் காத்திருந்த நேரம் தனியாகத் தெரியாது, நாம்தான் ஊகிக்கவேண்டும். இன்னொரு கேஷ் ப்ராக்ஸியான வார்னிஷில் இந்தக் காத்திருப்புக்கு வெயிட்டிங்லிஸ்ட் என்று தனி நேரக்குறிப்பே அதன் பதிவான வார்னிஷ்லாகில் வரும். அந்த அளவு விவரம் இங்கேயும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இன்னொன்று, ட்ரேஸ் ஐடியைப் பேக்கெண்ட் தன் பதில் ஹெடரில் போட்டு அனுப்பினால் அதுவும் சேர்ந்தே கேஷாகிவிடும். பக்கத்தை முதலில் திறந்தவரின் ஐடிதான் அப்புறம் வரும் எல்லோருக்கும் போகும், புகார் சொல்கிறவர் தரும் ஐடியைத் தேடினால் வேறு யாருடைய ட்ரேஸோ வந்து நிற்கும். பேக்கெண்ட் ஹெடரை மறைத்துவிட்டு, மாட்யூல் தரும் ட்ரேஸ் ஐடி வேரியபிளை என்ஜின்எக்ஸிலேயே சேருங்கள்.

யேகர் ஊபர் நிறுவனத்தில் பிறந்து இப்போது சிஎன்சிஎஃப் (கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன்) திட்டமாக இருக்கிறது, காசு கிடையாது. எல்லாப் பகுதிகளும் ஒன்றாக வரும் ஆல் இன் ஒன் வகையை அப்படியே ஓட்டினால் எல்லாம் மெமரியில்தான் இருக்கும், ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். வைத்துப் பார்க்கவேண்டும் என்றால் எலாஸ்டிக்சர்ச் மாதிரி ஒரு டேட்டாபேஸைக் கீழே வையுங்கள். கூட்டம் அதிகமான தளத்தில் எல்லாவற்றையும் பதிவு செய்யத் தேவையில்லை, ரிக்வெஸ்டுகளைச் சதவீதப்படி பிரிக்கும் என்ஜின்எக்ஸின் ஸ்ப்ளிட் க்ளையன்ட்ஸ் வைத்து 10% எடுத்தால் போதும். நாங்கள் சீசனில் காலை வேளைக்கு மட்டும் முழுவதையும் எடுக்கிறோம்.