படகு ஜிபிஎஸ்ஸுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஒரு ஐசொலேட்டர்: சில மழைக்காலங்கள் தாண்டிய அனுபவம்

மும்பை துறைமுகத்தில் ஆழம் அளக்கும் சின்ன சர்வே படகில் வேலை. பாவ்ச்சா தக்கா படகுத்துறையில் நிற்கும். ஜிபிஎஸ்ஸும், ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. அவை அனுப்புவதை லேப்டாப் பதிவு செய்கிறது. நடுவில் ஆப்டோ-ஐசொலேஷன் உள்ள, அதாவது இரு பக்கத்துக்கும் மின் தொடர்பு இல்லாமல் பிரித்து வைக்கும் யூஎஸ்பி கன்வெர்ட்டர் மாட்டிச் சில வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு யூஎஸ்பி போர்ட் கூடப் போகவில்லை. பக்கத்துப் படகுகளில் போயிருக்கிறது.

படகுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் என்எம்இஏ 0183 முறையில், தகவலைக் கேட்கும் கருவியின் உள்ளீட்டில் ஆப்டோ தடுப்பு இருந்தாக வேண்டும். தகவல் ஒளியாகத்தான் தாண்டும். கம்ப்யூட்டர் போர்ட்டில் அந்தத் தடுப்பு கிடையாது. பலருக்கும் இது தெரிவதில்லை, வயரை நேராகச் செருகிவிடுகிறார்கள்.

மீட்டர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். கரை கரண்டில் இரண்டு பின் சார்ஜரைப் போட்டு, லேப்டாப்பின் யூஎஸ்பி உலோக விளிம்பில் ஒரு முனை, படகு பேட்டரியின் நெகட்டிவில் மறுமுனை வையுங்கள். ஏசியில் நூறு வோல்ட் பக்கம் காட்டும். பேட்டரி நெகட்டிவ் இஞ்சின், ஷாஃப்ட் வழியாகக் கடல் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. லேப்டாப் அந்தரத்தில் மிதக்கிறது. கரண்ட் மிகக் கொஞ்சம்தான், கையில் சுருக்கென்று கிள்ளும். வயரை மாட்டும்போது டேட்டா கம்பி முதலில் பட்டால் அந்தக் கிள்ளு சிப்பில் போய் இறங்கும்.

லேப்டாப்புக்குப் படகு பேட்டரியிலிருந்தே 12 வோல்ட் கார் சார்ஜர் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அப்போது லேப்டாப்பும் அதே நெகட்டிவில் சேர்ந்துவிடும். இஞ்சின் ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். திரும்பி வரும் கரண்டில் ஒரு பங்கு மெல்லிய டேட்டா வயரிலும் வழி தேடும். படகை ஓட்டும் எங்கள் சாரங்கு ராமநாதபுரத்துக்காரர். “இஞ்சின் போட்டா ஸ்கிரீன்ல படகு நின்னுபோயி வேற எடத்துல முளைக்குது தம்பி” என்பார். கன்வெர்ட்டர் வந்தபின் அந்தப் பேச்சே எழவில்லை.

மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் வாங்கினால் அட்டைப்பெட்டியில் ‘ஐசொலேட்டட்’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். யூஎஸ்பி பக்க கிரவுண்டுக்கும் கருவிப் பக்க மைனஸுக்கும் நடுவில் மீட்டரைக் கன்டினியூட்டியில் வையுங்கள். பீப் வந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தகவல் வேகமும் கேளுங்கள்: சாதாரணக் கருவிக்கு 4800 பாட், சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ்ஸுக்கு 38400. வயரிங்கில் கருவியின் ‘ஏ’ கம்பி கன்வெர்ட்டரின் ‘ஏ’வுக்கு, ‘பி’ கம்பி ‘பி’க்கு. ஒற்றைக் கம்பியில் அனுப்பும் பழைய ஜிபிஎஸ் என்றால் கன்வெர்ட்டரின் ‘பி’ அந்தக் கருவியின் கிரவுண்டுக்குப் போக வேண்டும், லேப்டாப் கிரவுண்டுக்கு அல்ல.

குறைகளும் உண்டு. மும்பைக் காற்றில் ஸ்க்ரூ டெர்மினலில் பச்சை பூக்கிறது. வெள்ளீயம் பூசிய வயர் போட்டு, மழைக்குப் படகைக் கட்டும் முன் ஒருமுறை சுத்தம் செய்கிறோம். விண்டோஸ், வரும் தகவலைப் பழைய சீரியல் மவுஸ் என்று நினைத்து கர்சரைத் திரையெங்கும் ஓடவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்த மவுஸை டிஸேபிள் செய்தால் அடங்கும். சிஎச்340 சிப் உள்ள கன்வெர்ட்டரை வேறு யூஎஸ்பி துளையில் செருகினால், விண்டோஸ் அதற்குத் தரும் காம் போர்ட் எண் மாறி சாஃப்ட்வேர் கைவிரிக்கும். தனி சீரியல் எண் உள்ள எஃப்டிடிஐ சிப்பில் இந்தத் தொல்லை இல்லை, கூடுதல் காசு தகும்.

கருவித் தகவலை வைஃபையில் அனுப்பும் பெட்டியிலும் லேப்டாப்போடு வயர் தொடர்பே இல்லை, அதுவும் பாதுகாப்புதான். சும்மா சார்ட் பார்க்க அதுவே வசதி. எங்களுக்கு ஆழமும் இடமும் ஒரே நேரத்துக்குப் பொருந்த வேண்டும், வைஃபை தாமதம் ஒரே சீராக இருப்பதில்லை. அதனால் வயரோடு இருக்கிறோம். மின்னலுக்கு மட்டும் இந்தக் கன்வெர்ட்டர் தாங்காது. வானம் கறுத்தால் யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுகிறோம்.