"கொஞ்சம் துருவட்டுமா?" என்று கேட்டால் தலையாட்டிவிடாதீர்கள்

உணவகமே தேர்ந்தெடுத்துச் சிறு சிறு அளவில் வரிசையாகப் பரிமாறும் டேஸ்டிங் மெனு சாப்பிட்டு வந்தவர்கள் பெரிய தட்டையும் அதன் நடுவில் இருந்த ஒரு வாய் உணவையும் பற்றிக் கேலி பேசுவது வழக்கம். என் குறை அதுவன்று. சமையல் நன்றாகவே இருந்தது. நாங்கள் ஏமாந்தது உபசரிப்பில்.

எங்கள் திருமண நாளுக்காக என் பெற்றோரையும் சேர்த்து நான்கு பேருக்கு எட்டு கோர்ஸ் (சுற்று) உணவு முன்பதிவு செய்து, சர்வீஸ் சார்ஜ் உட்பட முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டியிருந்தேன். விரிப்பில்லாத மர மேசைகள், கண்ணெதிரே அடுப்படி, ஜீன்ஸும் ஏப்ரனும் அணிந்து வந்து தங்கள் பெயரைச் சொல்லிப் பேச்சுக் கொடுக்கும் பணியாளர்கள் என்று எல்லாமே இயல்பாக இருந்தன. ஃபைன் டைனிங் என்றால் விறைப்பாக உட்கார வேண்டியிருக்குமோ என்று தயங்கிய அப்பாவுக்கு அந்தச் சகஜம் மிகவும் பிடித்துவிட்டது. பில் வளர்ந்ததும் அந்தச் சகஜத்தால்தான்.

உட்கார்ந்தவுடன் "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" என்று கேட்டார்கள். குழாய்த் தண்ணீர் என்ற மூன்றாவது வழி அந்தக் கேள்வியிலேயே இல்லை. டம்ளரில் ஓர் அங்குலம் குறைந்தால் நிரப்பினார்கள். ஒரு பாட்டில் தீர்ந்தால் கேட்காமலே அடுத்ததைத் திறந்தார்கள்.

நான்காவதாக ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசி உணவு வந்தபோது, ஓர் இளைஞர் சிறிய மரப்பெட்டியுடன் எங்கள் அருகில் வந்து, துணியை விலக்கி, கரிய கிழங்கு போன்ற ஒன்றை அம்மாவிடம் முகர்ந்து பார்க்கக் கொடுத்தார். "செஃப் எடுத்து வைத்த ட்ரஃபிள், கொஞ்சம் துருவட்டுமாம்மா?" என்றார். ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும், மணத்துக்காக உணவின்மேல் சீவிப் போடும் ஒரு காளான் வகை. "எவ்வளவுன்னு கேளேன்டா" என்று அம்மா என் காதோடு சொன்னதை, மேசைக்கடியில் அவர் கையை அழுத்தி அடக்கியவன் நான்தான். விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசுகிற ஒருவரிடம் விலை கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நாம் போதும் என்று சொல்லும்வரை அவர்கள் துருவிக்கொண்டே இருப்பார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

விழுந்த சீவல்களின் உட்பகுதி பால் அதிகம் சேர்த்த காபியின் நிறத்தில் இருந்தது. விலை உயர்ந்த குளிர்காலக் கருப்பு ட்ரஃபிளின் உட்பகுதி கருமையாக, வெள்ளை நரம்புகளுடன் இருக்கும். வெளித்தோல் மட்டும் கருப்பாக, உள்ளே வெளிறி, மணமும் குறைவாக இருப்பது கோடைகால ட்ரஃபிள், அதன் விலை மிகவும் குறைவு என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தட்டிலிருந்து மூக்கைத் துளைத்த வாசனை எண்ணெயிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ட்ரஃபிள் எண்ணெய்களில் பெரும்பாலானவை 2,4-டைதயாபென்டேன் என்ற செயற்கை வாசனைப் பொருளால் மணமூட்டப்பட்டவை. பில்லில் 'கருப்பு ட்ரஃபிள் × 4' என்று மட்டும் இருந்தது. தோலைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

மது அருந்தாத என் மனைவிக்கு "இதையும் ருசித்துப் பாருங்கள்" என்று ஒவ்வொரு கோர்ஸுடனும் இரண்டு மடக்கு பழச்சாறு வைத்தார்கள்; அது 'மதுவில்லாப் பேரிங்' (ஒவ்வோர் உணவுக்கும் பொருத்தமாகத் தரும் பானம்) என்ற பெயரில் பில்லில் ஏறியது. இனிப்புக்கு முன் வந்த சீஸ் தட்டையும் எட்டில் ஒன்று என்றே எண்ணினோம், அது ஒன்பதாவது.

இந்த மேல்செலவுகள் மட்டும் நான் முன்பே கட்டிய தொகையில் பாதியைத் தாண்டின. அதற்கும் மேலாக, ஏற்கெனவே கட்டிய தொகையையும் கூட்டி, மொத்தத்தின்மீது மறுபடியும் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். கார்டு மெஷின் டிப்ஸ் எத்தனை சதவீதம் என்று வேறு கேட்டது. நான் மேலாளரை அழைத்துக் கேட்டபோது, அவர் சிரிப்பு மாறாமல், கூடுதல் சேர்க்கைகளுக்குத் தனிக்கட்டணம் என்று மெனுவின் அடியிலேயே அச்சிட்டிருப்பதைக் காட்டினார். அந்த மெனு, ஆச்சரியம் கெடக்கூடாது என்ற காரணத்தைச் சொல்லி, உணவு முடிந்த பிறகு மெழுகு முத்திரையிட்ட உறையில் நினைவுப் பரிசாகத் தரப்பட்டது. வாதாடியபின் இரட்டிப்பான சர்வீஸ் சார்ஜை மட்டும் நீக்கினார்கள்.

இத்தகைய இடத்துக்குப் போகிறவர்கள், தண்ணீர், பேரிங், கூடுதல் சேர்க்கைகள், சர்வீஸ் சார்ஜ் ஆகியவற்றில் எவையெல்லாம் கட்டிய தொகைக்குள் அடங்கும் என்று முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேசையில் எதை நீட்டினாலும் "இது நாங்கள் கட்டியதில் சேர்ந்ததா?" என்று கேளுங்கள், அதைக் கேட்க அம்மாவைப் போன்ற ஒருவர் உடனிருந்தால் அவரைத் தடுக்காதீர்கள்.

மறுநாள் அவர்களுக்கு விரிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து, மிகுந்த அன்புடன் பதில் வந்தது: அடுத்த முறை வரும்போது நால்வருக்கும் ஒரு டெசர்ட் அவர்கள் செலவிலாம், மேசையில் உள்ள அனைவரும் டேஸ்டிங் மெனு எடுத்துக்கொண்டால்.