பினாங்குப் புழுக்கத்தில் நாம்லுக் சிடிகள்: பல வருட அனுபவம்

பீட் நாம்லுக்கைத் தெரியாதவர்களுக்காக முதலில் நாலு வரி. ஜெர்மனியின் பிராங்க்பர்ட்காரர், ஆம்பியன்ட் என்கிற, மெதுவாக விரியும் மின்னணு இசையின் கலைஞர், இயற்பெயர் பீட்டர் கூல்மன். 1992-இல் ‘ஃபேக்ஸ்’ என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். நிறுவனத்தின் முழுப் பெயரே ஒரு ஃபேக்ஸ் எண்தான்: 49 ஜெர்மனி, 69 பிராங்க்பர்ட், அப்புறம் மிச்ச எண்கள். தனியாகவும் கூட்டாகவும் 2005-க்குள்ளேயே 130-க்கும் மேற்பட்ட ஆல்பங்களை வெளியிட்டுவிட்டார். 2012 நவம்பரில் 51 வயதில் இறந்தார். அதோடு அந்தக் கடையும் மூடிவிட்டது. அதனால் இனி கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் யாரோ ஒருவர் கைமாற்றிவிடும் சிடிதான்.

இசைத்தட்டு மோகம் திரும்பியிருக்கும் காலத்தில் சிடியா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நாம்லுக்கைப் பொறுத்தவரை பதில் சுலபம். இந்த இசை சிடிக்காகவே பிறந்தது. ஒரு உருப்படி இருபது நிமிடம், நாற்பது நிமிடம் என்று ஓடும். இசைத்தட்டில் அதை ஏற்றினால் பாதியில் எழுந்து திருப்பிப் போட வேண்டும். எழுபது நிமிடத்துக்கு மேல் கொள்ளும் வட்டில் அந்தத் தொல்லை இல்லை. அவருடைய ‘ஏர்’ ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தபோது என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னங்க, ஃபிரிட்ஜ் கெட்டுப்போச்சா?” என்று கேட்டார். ரசனை என்பது அவரவர் பாடு.

அரிதாக இருப்பதற்குக் காரணம் எளிது. ஃபேக்ஸ் வெளியீடுகள் பெரும்பாலும் 500, 1000, 2000 பிரதிகள்தான் அச்சாயின. தீர்ந்தால் அடுத்த ஆல்பம் வந்துவிடும். கேட்பவர்கள் கூடியபோது சிலவற்றை ‘ஆம்பியன்ட் வேர்ல்ட்’ என்ற துணை முத்திரையில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். சேகரிப்பவர்கள் முதல் பதிப்பைத்தான் மதிப்பார்கள்; அதற்குச் சில நூறு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேட்பவர்களும் உண்டு. என்னிடம் சில ஆல்பங்கள் இரண்டு பதிப்பிலும் இருக்கின்றன. மாற்றி மாற்றிக் கேட்டதில் என் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முதல் பதிப்பு அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். கையில் இருக்கும் காசுக்கு ஒரு முதல் பதிப்பா, மூன்று மறுபதிப்பா என்று வந்தால் மூன்றையே எடுங்கள்.

உள்ளூரில் கிடைக்குமா என்றால், கிடைக்காது. திருட்டு சிடி கொடிகட்டிப் பறந்த காலத்தில்கூட கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்திரீட்டில் நாம்லுக்கை யாரும் திருடவில்லை. ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்கு நான் போவது வேறு காரணத்துக்காக: பெட்டிக்கு. ஜெர்மனியிலிருந்து வரும் சிடிக்கு அஞ்சல் செலவு சில சமயம் சிடி விலையையே தாண்டிவிடும். வட்டு மட்டும் 15, 16 கிராம். பெட்டியோடு சேர்ந்தால் 100 கிராம் அளவுக்கு வரும். அதனால் விற்பவரிடம் பெட்டியைக் கழற்றிவிட்டு வட்டையும் அச்சுத்தாள்களையும் மட்டும் அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பச் சொல்வேன். இங்கே சந்தையில் யாரும் சீண்டாத பழைய கராவோக்கே விசிடிகளைச் சொற்ப விலைக்கு வாங்கி அவற்றின் பெட்டியை இதற்கு மாட்டிவிடுவேன். வாங்குவதற்கு முன் மூடியின் கீல் காதுகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளிக்கு உட்பட்ட இணைய இறக்குமதிகளுக்கு, பதிவு பெற்ற விற்பனையாளர்கள் வழியாக வாங்கினால், 10 விழுக்காடு வரி சேரும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. இனிமேல்தான் உண்மையான வேலை. வட்டுக்குக் கீறல்தான் எதிரி என்று நினைக்கிறோம். பினாங்கில் எதிரி ஈரக் காற்று. 2001-இல் பெலிஸ் நாட்டில் சிடியையே தின்னும் ஜியோட்ரைக்கம் வகைப் பூஞ்சையைக் கண்டுபிடித்தார்கள். வெப்பமும் ஈரமும் நிறைந்த ஊர் அது. படித்தபோது வயிற்றைக் கலக்கியது. ஆனால் இத்தனை வருடத்தில் என் வட்டுகளில் ஒன்றுகூட அப்படிப் போகவில்லை. போனதெல்லாம் காகிதம். வழவழப்பான தாளில் அச்சிட்ட உள்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, ஓரத்தில் பழுப்புப் புள்ளி விழுகிறது. பிரித்தால் மை உரிந்து வரும். விற்கும்போது விலையைப் பாதியாக்குவது இந்தப் புள்ளிகள்தான்.

முதலில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைத்தேன். அடிக்கடி காய வைக்க வேண்டியிருக்கிறது. மறந்தால் வெறும் மணல். பிறகு கேமராக்காரர்கள் வைத்திருக்கும் மின்சார உலர் பெட்டி ஒன்றை வாங்கி 45 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைத்தேன். அதன் பிறகு புதிதாக ஒரு புள்ளியும் விழவில்லை. இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான செலவு இதுதான் என்பேன். இரவெல்லாம் ஏர்கோன் ஓடி, காலையில் அணைத்துச் சன்னலைத் திறக்கும் அறையில் சிடி அலமாரியை வைக்காதீர்கள். குளிர்ந்த பிளாஸ்டிக்கில் நீர் கோத்துக்கொள்ளும். பிவிசி உறைகளும் வேண்டாம், நாளாவட்டத்தில் வட்டோடு ஒட்டும். பாலிபுரோப்பிலீன் நல்லது.

பழைய வட்டு வந்ததும் பெயர் அச்சிட்ட பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அலுமினியப் படலம் அந்தப் பக்கத்தில், மெல்லிய அரக்குக்குக் கீழே இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் இசையே போய்விடும். அடிப்பக்கக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்யலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைகள் தெரிந்துவிடும். பிரிட்டனின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிகள் பல வெண்கல நிறமாக மாறிக் கெட்டுப்போனது இத்துறையில் பிரசித்தம். வேறு கலைஞர்களைச் சேகரிப்பவர்கள் அந்தக் காலத்து பிரிட்டிஷ் சிடிகளை வாங்கும்போது அதையும் பாருங்கள்.

வந்த அன்றே கணினியில் பிரதி எடுத்துவிடுவேன். பிரபலமான சிடி என்றால் மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டுப் பிழை இல்லை என்று மென்பொருளே சொல்லிவிடும். 500 பிரதி அச்சான வட்டுக்கு அந்த ஒப்பீடு கிடைக்காமல் போகலாம். இரண்டு தடவை எடுத்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எம்பி3 வேண்டாம். இன்னொரு ஜெர்மன் மின்னணு இசைக் கலைஞர் கிளாவுஸ் ஷூல்ட்சேவுடன் நாம்லுக் செய்த ‘டார்க் சைட் ஆஃப் தி மூக்’ வட்டுகளில் ஒரே ஓட்டமான இசையைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். எம்பி3-இல் ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே ஒரு விக்கல் விழக்கூடும்.

‘மூக்’ வரிசையின் 11 பாகங்களும் பின்னாளில் பெட்டித் தொகுப்புகளாக வந்துவிட்டன. தனித்தனியாகத் தேடி அலைவதில் அர்த்தமில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் அதில் தொடங்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது ஜப்பானியக் கலைஞர் டெட்சு இனோவுடன் செய்த ‘2350 பிராட்வே’ வரிசை. அதன் முதல் பாகத்தை மறுபதிப்பிலாவது பிடித்துவிடுங்கள். டெக்னோ என்ற மின்னணு நடன இசையின் கலைஞர் ரிச்சி ஹாட்டினுடன் செய்த ‘ஃபிரம் வித்தின்’ வரிசைக்கு டெக்னோ ரசிகர்களும் போட்டிக்கு வருவதால் விலை இறங்குவதே இல்லை. நான் அதை வாங்காமல் விட்டுவிட்டேன்.